ஒரே பேரடைக்கு இரண்டு தூரம்: இருண்ட ஆற்றலைப் பற்றி முடிவு சொல்லும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

செம்பெயர்ச்சி 1 உள்ள ஒரு விண்மீன் பேரடையை எடுத்துக்கொள்வோம். (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதன் அளவே செம்பெயர்ச்சி. 1 என்றால் அலைநீளம் இரு மடங்காகியிருக்கிறது.) அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டால் சுமார் 6,600 மெகாபார்செக் வரும். எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 1,650 மெகாபார்செக்தான் வரும். (அண்டம் இன்று விரியும் வீதத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலி 70, பருப்பொருளின் பங்கு 0.3 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரு மெகாபார்செக் என்பது ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு.) எது சரி? இரண்டும் சரி. ஒன்று மற்றதைப் போல நான்கு மடங்கு இருப்பதும் தற்செயல் அல்ல. செம்பெயர்ச்சி 1 என்றால் அது நான்கு மடங்காகத்தான் இருந்தாக வேண்டும்.

இதை 1933இல் நிறுவியவர் கணிதவியலாளர் ஐவர் எதரிங்டன். மங்கலை வைத்துக் கிடைக்கும் தூரத்துக்கு ஒளிர்வுத் தூரம் என்றும், தோற்ற அளவை வைத்துக் கிடைப்பதற்குக் கோணத் தூரம் என்றும் பெயர் வைத்தால், அவர் கண்ட உறவு இவ்வளவுதான்:

ஒளிர்வுத் தூரம் = (1 + செம்பெயர்ச்சி)² × கோணத் தூரம்

அண்டத்தின் விரிவை வேகமெடுக்கச் செய்வதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் இதில் எங்கே வருகிறது? எங்கும் வரவில்லை. அண்டத்தில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது, விரிவு வேகமெடுக்கிறதா குறைகிறதா, இருண்ட ஆற்றல் மாறுகிறதா மாறாமல் இருக்கிறதா என்ற எதுவும் இந்த உறவுக்குத் தேவையில்லை. அதனால்தான் இது நல்ல தணிக்கைக் கருவி. இரண்டு தூரங்களையும் தனித்தனியாக அளந்து, உறவு பொருந்தாமல் போனால், அந்தப் பழியை இருண்ட ஆற்றலின் மேல் போட முடியாது. அளவீட்டில் எங்கோ பிழை, அல்லது ஒளிக்கு வழியில் ஏதோ நேர்ந்திருக்கிறது.

அந்த இருமடி எங்கிருந்து வருகிறது

இந்தக் கணத்தில் அண்டத்தின் விரிவை நிறுத்திவிட்டு, நமக்கும் பேரடைக்கும் இடையே ஒரு நாடாவை நீட்டி அளந்தால் கிடைப்பதை இன்றைய தூரம் என்போம். மேலே சொன்ன பேரடைக்கு அது சுமார் 3,300 மெகாபார்செக். ஒளிர்வுத் தூரம் இதைவிட இரு மடங்கு பெரிது, கோணத் தூரம் இதில் பாதி.

ஒளி ஏன் கூடுதலாக மங்குகிறது? பயணத்தின்போது அண்டம் விரிவதால் ஒவ்வொரு ஒளித்துகளின் அலைநீளமும் நீள்கிறது, ஆற்றல் (1 + செம்பெயர்ச்சி) என்ற காரணியால் குறைகிறது. அடுத்தடுத்த துகள்களுக்கு இடையிலான இடைவெளியும் அதே அளவு நீள்வதால், ஒரு நொடியில் வந்து சேரும் துகள்களின் எண்ணிக்கையும் அதே காரணியால் குறைகிறது. ஆக, வந்து சேரும் ஒளிப்பாயம் (1 + செம்பெயர்ச்சி)² அளவு குறைவு. பாயம் தூரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், வர்க்கமூலம் எடுத்தால் தூரத்தில் ஒரு (1 + செம்பெயர்ச்சி) கூடுகிறது.

கோணத் தூரத்தில் நடப்பது வேறு. அந்த ஒளி கிளம்பியபோது பேரடை நமக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது, ஏனென்றால் அண்டமே (1 + செம்பெயர்ச்சி) மடங்கு சிறியதாக இருந்தது. அன்றைய அண்மைக்கு ஏற்ற கோண அளவில்தான் அது இன்றும் தெரிகிறது. ஆகவே இன்றைய தூரத்தை ஒரு (1 + செம்பெயர்ச்சி) ஆல் வகுக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே, சேர்ந்தால் இருமடி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: செம்பெயர்ச்சி சுமார் 1.6ஐத் தாண்டினால் கோணத் தூரம் குறையத் தொடங்குகிறது. அதற்கப்பால் உள்ள பொருள்கள், தொலைவு கூடக் கூடப் பெரிதாகத் தெரியும்.

எதரிங்டன் உறவு நிற்பதற்கு வேண்டியவை இரண்டுதான். ஈர்ப்பு என்பது வெளி-காலத்தின் வடிவியல், ஒளி அந்த வடிவியலின் நேர்ப்பாதையில்தான் செல்லும் என்பது ஒன்று. வழியில் ஒளித்துகள் காணாமல் போகவோ புதிதாகச் சேரவோ கூடாது என்பது மற்றொன்று. முதலாவது உடைந்தால் இயற்பியலில் பெரும் புரட்சி. இரண்டாவது உடைவதற்குத் தூசியே போதும். ஒளித்துகள் காந்தப்புலத்தில் ஆக்ஸியான் என்ற கருதுகோள் துகளைப் போன்ற ஒன்றாக மாறிவிடலாம் என்ற கருத்தும் 2002 முதல் பேசப்பட்டு வருகிறது.

விளக்கும் அளவுகோலும்

ஒளிர்வுத் தூரத்துக்கு உண்மையான பிரகாசம் தெரிந்த விளக்கு வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒன்-ஏ வகை சூப்பர்நோவா, அதாவது வெண்குறு விண்மீனின் வெடிப்பு. எல்லா வெடிப்புகளும் ஒரே பிரகாசம் உடையவை என்று பல அறிமுக நூல்களில் எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. மெதுவாக மங்குபவை அதிகப் பிரகாசம், சிவப்பாக இருப்பவை குறைந்த பிரகாசம். இந்த இரண்டையும் திருத்திய பிறகும் ஒவ்வொன்றிலும் சுமார் 0.15 மேக்னிட்யூட் சிதறல் மிஞ்சும். (மேக்னிட்யூட் என்பது பிரகாசத்தின் மடக்கை அளவு, எண் கூடினால் மங்கல்.) தூரத்தில் அது சுமார் 7 சதவீதம். நூறு சூப்பர்நோவாக்களின் சராசரி எடுத்தால் இந்தச் சிதறல் பத்தில் ஒன்றாகும். ஆனால் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் பிழை, எத்தனை லட்சம் சூப்பர்நோவா சேர்த்தாலும் அப்படியே இருக்கும்.

கோணத் தூரத்துக்கு உண்மையான நீளம் தெரிந்த அளவுகோல் வேண்டும். பேரண்டத்தின் முதல் சுமார் 3,80,000 ஆண்டுகளில், சூடான பிளாஸ்மாவில் ஒலி அலைகள் ஓடின. அண்டம் குளிர்ந்து ஒளியும் பருப்பொருளும் பிரிந்தபோது அந்த அலைகள் உறைந்து நின்றன. அவை ஓடி முடித்த தூரம், இன்றைய கணக்கில் சுமார் 147 மெகாபார்செக், அதாவது 48 கோடி ஒளியாண்டு. அந்த இடைவெளியில் பேரடை இணைகள் சற்றே கூடுதலாகக் காணப்படுகின்றன. 2005இல் ஸ்லோன் ஆய்வும் ஆஸ்திரேலியாவிலிருந்து நடந்த 2டிஎஃப் ஆய்வும் இந்தத் தடத்தைக் கண்டன. இதற்குப் பேரியான் ஒலி அலைவு என்று பெயர்.

இப்போது இந்த வேலையில் முன்னணியில் இருப்பது டெசி, அதாவது இருண்ட ஆற்றல் நிறமாலைக் கருவி. அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையில், 4 மீட்டர் மேயல் தொலைநோக்கியில், 5,000 ரோபோ இழைகள் ஒரே நேரத்தில் 5,000 பொருள்களின் நிறமாலையை எடுக்கின்றன. 2025 மார்ச்சில் வெளியான அதன் இரண்டாம் கட்ட முடிவு 1.4 கோடிக்கும் மேற்பட்ட பேரடைகளையும் குவாசார்களையும் பயன்படுத்தியது.

கையால் ஒரு கணக்கு

சோதனைக்கு ஒரு விகிதத்தை வரையறுப்பார்கள். கிரேக்க எழுத்தான ஈட்டாவால் குறிப்பது வழக்கம்:

ஈட்டா = ஒளிர்வுத் தூரம் ÷ [(1 + செம்பெயர்ச்சி)² × கோணத் தூரம்]

ஈட்டா 1 என்றால் எல்லாம் சரி. 1ஐ விடக் கூடினால், சூப்பர்நோவா எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருக்கிறது. குறைந்தால், எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருக்கிறது.

டெசியின் செம்பெயர்ச்சி 0.934 அளவீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே இன்றைய தூரம், ஒலி அளவுகோலைப் போல 21.58 மடங்கு, பிழை சுமார் 0.7 சதவீதம். அளவுகோலின் நீளம் 147.1 மெகாபார்செக் என்று நுண்ணலைப் பின்னணியை (பேரண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து மிஞ்சிய ஒளியை) அளந்த பிளாங்க் செயற்கைக்கோளிடமிருந்து வாங்கிக்கொண்டால், இன்றைய தூரம் 3,174 மெகாபார்செக். 1.934 ஆல் வகுத்தால் கோணத் தூரம் 1,641. அதே எண்ணால் பெருக்கினால், எதரிங்டன் எதிர்பார்க்கும் ஒளிர்வுத் தூரம் 6,138.

இனி சூப்பர்நோவா பக்கம். அந்தச் செம்பெயர்ச்சியில் திருத்தப்பட்ட சராசரித் தோற்ற மேக்னிட்யூட் 24.50 என்று வைத்துக்கொள்வோம். தூரமாக மாற்ற, சூப்பர்நோவாவின் தனி மேக்னிட்யூட், அதாவது அதன் உண்மையான பிரகாசம், வேண்டும். அருகிலுள்ள செபீட் விண்மீன்களை (துடிப்பின் கால அளவிலிருந்தே உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும் விண்மீன்களை) வைத்து அளவீடு செய்தவர்கள் சொல்வது சுமார் −19.25. கழித்தால் 43.75, இதற்குரிய தூரம் 5,623 மெகாபார்செக். ஈட்டா 0.916.

எதரிங்டன் உறவு எட்டு சதவீதம் உடைந்துவிட்டதா? இந்தப் படிப்பில் நுழைபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். −19.25க்குப் பதில் −19.42 போட்டுப் பாருங்கள். தூரம் 6,081, ஈட்டா 0.991. பிரச்சினை காணாமல் போகிறது. இந்த 0.17 மேக்னிட்யூட் வேறு ஒன்றும் இல்லை, ஏற்கெனவே எல்லோரும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் ஹப்பிள் முரண்தான். செபீட் வழி ஹப்பிள் மாறிலி 73.04, பிளாங்க் வழி 67.4, விகிதம் 1.084. விளக்கை ஓர் இடத்திலிருந்தும் அளவுகோலை வேறோர் இடத்திலிருந்தும் கடன் வாங்கினால், அந்த இரு இடங்களுக்கும் இடையிலுள்ள சண்டையும் கணக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

எனவே கவனமாகச் செய்பவர்கள் தனி மேக்னிட்யூடையும் அளவுகோலின் நீளத்தையும் தெரியாதவையாக விட்டுவிட்டு, ஈட்டா செம்பெயர்ச்சியோடு மாறுகிறதா என்பதை மட்டும் பார்ப்பார்கள். ஒட்டுமொத்தமாக ஒரே அளவு விலகல் இருந்தால் அது அளவுத்திருத்தத்தின் பிழை. சாய்வு இருந்தால்தான் செய்தி. வழக்கமாகப் பொருத்திப் பார்க்கும் வடிவம், 1 + (ஒரு மாறிலி × செம்பெயர்ச்சி). அல்லது செம்பெயர்ச்சிக்குப் பதில் செம்பெயர்ச்சி ÷ (1 + செம்பெயர்ச்சி). இரண்டாவது வடிவம் அதிகத் தொலைவில் கட்டுமீறி வளராது, அதனால் பரவாயில்லை.

எங்கெல்லாம் சறுக்கும்

முதலில், எந்த அலைவு அளவீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக அளந்ததுதான் கோணத் தூரம். கோட்டின் நெடுக அளப்பது அந்தக் காலத்து விரிவு வேகம். பேரடைகள் போதாத இடங்களில் இரண்டையும் கலந்து ஒரே சராசரியாகத் தருவார்கள். டெசியில் செம்பெயர்ச்சி 0.295 அளவீடு அப்படிப்பட்டது. அதைக் கோணத் தூரமாக மாற்ற ஓர் அண்ட மாதிரியைக் கடன் வாங்க வேண்டும். வாங்கினால், மாதிரி எதுவும் தேவைப்படாத சோதனை என்ற பெருமை போய்விடும்.

இரண்டாவது, செம்பெயர்ச்சிகள் பொருந்த வேண்டும். டெசிக்குக் கிடைத்திருப்பது 0.51, 0.706, 0.934, 1.321, 1.484, 2.33 என்று சில புள்ளிகள்தான். சூப்பர்நோவாக்கள் அதே இடங்களில் சரியாக உட்கார்ந்திருக்காது. அருகிலுள்ளவற்றை, வித்தியாசம் 0.005க்குள் இருக்குமாறு, திரட்டுவது ஒரு வழி. எண்ணிக்கை குறைந்து சிதறல் கூடும். சூப்பர்நோவாத் தரவு முழுவதன் மேலும் வழுவழுப்பான வளைவைப் பொருத்தி இடைமதிப்பு எடுப்பது இன்னொரு வழி. வளைவை எவ்வளவு நெகிழவிடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பிழை சுருங்கும், விரியும். 2.33 புள்ளியை மறந்துவிடலாம். பாந்தியன் பிளஸ் தொகுப்பின் 1,550 சூப்பர்நோவாக்களில் மிகத் தொலைவானதே 2.26தான், 1.5ஐத் தாண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மூன்றாவதுதான் நிஜமான தலைவலி. ஒரு தொகுப்பில் உள்ள சூப்பர்நோவாக்கள் எல்லாம் ஒரே தொலைநோக்கி பிடித்தவை அல்ல. அருகிலுள்ளவை பழைய ஆய்வுகளிலிருந்து, பல்வேறு வடிகட்டிகள் வழியாக வந்தவை. தொலைவிலுள்ளவை புதிய கேமராவில் வந்தவை. இரண்டுக்கும் நடுவே 0.04 மேக்னிட்யூட் இடைவெளி இருந்தால் தூரத்தில் அது 1.9 சதவீதம். இருண்ட ஆற்றல் மாறுகிறதா என்ற கேள்வியில் நாம் தேடும் வித்தியாசமும் ஒன்றிரண்டு சதவீத அளவில்தான் இருக்கிறது.

இத்தோடு வேறு சிலவும் உண்டு. நிறத் திருத்தத்தின் அளவு காலத்தோடு மாறாது என்று எடுத்துக்கொள்கிறோம். தூசியின் தன்மை மாறியிருந்தால் அது மாறும். பெரிய பேரடைகளில் வெடிப்பவை, திருத்தத்துக்குப் பிறகும் சற்றே கூடுதல் பிரகாசமாக இருக்கின்றன. பழங்காலத்தில் பேரடைகளின் கலவையே வேறு. மங்கலானவை கண்ணில் படாமல் தப்பிவிடும் தேர்வுப் பிழையைச் சரிசெய்யும் கணினி உருவகங்கள், ஓர் அண்ட மாதிரியை ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன. வழியிலுள்ள பருப்பொருள் ஈர்ப்பு வில்லையாகச் செயல்பட்டு, செம்பெயர்ச்சி ஒன்றுக்கு ஏறத்தாழ 0.055 மேக்னிட்யூட் சிதறலைச் சேர்க்கிறது. இதற்கு மட்டும் மருந்து எளிது, எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்.

அலைவு அளவுகோலுக்குப் பதில் பேரடைக் கொத்துகளைப் பயன்படுத்திய ஆய்வுகளும் பல. கொத்தின் சூடான வாயு வெளியிடும் எக்ஸ் கதிரையும், அதே வாயு நுண்ணலைப் பின்னணியில் ஏற்படுத்தும் நிழலையும் சேர்த்துத் தூரம் காண்பார்கள். கொத்தை உருண்டையாக எடுத்துக்கொண்டால் ஒரு விடை, நீள்வட்டமாக எடுத்துக்கொண்டால் வேறு விடை. எதரிங்டன் உறவைச் சோதிக்கப் போய்க் கொத்தின் வடிவத்தைச் சோதித்துவிட்டு வருவதுதான் அதில் நடக்கிறது.

இருண்ட ஆற்றலுக்கு இதில் என்ன பங்கு

1998இல் இரண்டு குழுக்கள், தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 0.25 மேக்னிட்யூட் மங்கலாக இருப்பதைக் கண்டு, விரிவு வேகமெடுக்கிறது என்று அறிவித்தன. 2011இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது. அப்போதே எழுந்த கேள்வி: மங்கலுக்குக் காரணம் வழியிலுள்ள சாம்பல் நிறத் தூசியாக இருக்கக் கூடாதா? சாதாரணத் தூசி ஒளியைச் சிவப்பாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா நிறத்தையும் சமமாக விழுங்கும் தூசி காட்டிக்கொடுக்காது. ஆனால் ஒலி அளவுகோல் மங்கலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தூசி நடுவில் இருந்தாலும் பேரடைகளுக்கு இடையிலான கோணம் மாறாது. அந்த வழியிலும் வேகமெடுக்கும் விரிவே கிடைப்பதால், தூசிக் கதை முடிந்தது.

இன்றைய கேள்வி அதைவிட நுட்பமானது. இருண்ட ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை டபிள்யூ என்பார்கள். சரியாக −1 என்றால் அது ஐன்ஸ்டைனின் அண்ட மாறிலி. அண்டம் எவ்வளவு விரிந்தாலும் அடர்த்தி குறையாது. டெசி தரவை நுண்ணலைப் பின்னணியோடும் சூப்பர்நோவாக்களோடும் சேர்த்தால், டபிள்யூ காலத்தோடு மாறுவது போலத் தெரிகிறது. இருண்ட ஆற்றல் ஆய்வு என்ற திட்டத்தின் சூப்பர்நோவாத் தொகுப்போடு சேர்த்தபோது இன்றைய மதிப்பு சுமார் −0.75 என்று வந்தது. பின்னோக்கிப் போகப் போக அது குறைந்து, செம்பெயர்ச்சி 0.4 அருகே −1ஐக் கடந்து கீழே போகிறது. இருண்ட ஆற்றலை ஒரே ஒரு புலமாக எடுத்துக்கொள்ளும் எளிய மாதிரிகளால் இந்த −1 கோட்டைத் தாண்ட முடியாது என்பதால் கோட்பாட்டாளர்களுக்கு இது சங்கடம்.

இந்த முடிவு எவ்வளவு உறுதி? பாந்தியன் பிளஸ் சேர்த்தால் 2.8 சிக்மா (இந்த எண் கூடக் கூட, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறைவு), யூனியன்3 என்ற இன்னொரு சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்த்தால் 3.8, இருண்ட ஆற்றல் ஆய்வின் தொகுப்பைச் சேர்த்தால் 4.2. ஒரே வானம், ஒரே வகை வெடிப்பு, தொகுப்பை மாற்றினால் உறுதியும் மாறுகிறது. கடைசித் தொகுப்பில் அருகு-தொலைவு இடைவெளி 0.04 மேக்னிட்யூட் இருக்கலாம் என்று 2024இல் சுட்டிக்காட்டப்பட்டது, குழு அதற்கு மறுப்பும் சொன்னது. பிறகு அதே குழு அளவுத்திருத்தத்தைப் புதுப்பித்தபோது 4.2 என்பது 3.2 ஆக இறங்கியது.

ஈட்டா சோதனை இங்கேதான் உதவுகிறது. சூப்பர்நோவாப் பிரகாசத்தில் செம்பெயர்ச்சியோடு மாறும் சின்னப் பிழை இருந்தால், பொருத்தும் நிரலுக்கு வேறு வழி கொடுக்காத பட்சத்தில், அது அந்தப் பிழையை டபிள்யூவுக்குள் தள்ளிவிடும். ஈட்டாவையும் மாறவிட்டால் பிழை போய்ச் சேர ஒரு கதவு திறக்கிறது. அதற்கு விலையும் உண்டு: அந்தக் கதவு திறந்ததும் சூப்பர்நோவாக்கள் இருண்ட ஆற்றலைப் பற்றிச் சொல்லும் சேதி வலுவிழக்கிறது. ஆகவே "ஈட்டாவை விடுவித்ததும் டபிள்யூ −1 உடன் ஒத்துப்போகிறது" என்று படித்தால் உடனே மயங்க வேண்டாம். மதிப்பு நகர்ந்ததா, பிழைப்பட்டை மட்டும் அகன்றதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் சூப்பர்நோவா மேல் போட்டுத் தப்பவும் முடியாது. டெசியையும் நுண்ணலைப் பின்னணியையும் மட்டும் சேர்த்தாலே 3.1 சிக்மா வருகிறது. இரண்டும் கோணத்தை அளப்பவை; ஒளி வழியில் மங்குவதால் அந்தக் கணக்கு கெடாது.

ஈட்டா வரைபடத்தைக் கையில் எடுத்தால் வடிவத்தைப் படிக்கப் பழக வேண்டும். தட்டையாக, ஆனால் 1க்கு மேலோ கீழோ நின்றால் அளவுத்திருத்தம். செம்பெயர்ச்சி 0.1 அருகே ஒரு படிக்கட்டு இருந்தால் பழைய தரவும் புதிய தரவும் ஒட்டிய தையல். சீராக மேலேறினால் வழியில் ஒளி இழப்பு, அல்லது வெடிப்புகளின் இயல்பே காலத்தோடு மாறியிருக்கிறது. சீராகக் கீழிறங்கினால் தூசியைக் குற்றம் சொல்ல முடியாது, தூசிக்கு ஒளியைக் கூட்டத் தெரியாது. இருண்ட ஆற்றலுக்கு இதில் எந்த வடிவமும் கிடையாது.

விளக்கே வேண்டாம் என்று சொல்லும் வழியும் ஒன்று இருக்கிறது. ஈர்ப்பலையின் (வெளி-காலத்தில் பரவும் அதிர்வின்) உருவத்திலிருந்தே ஒளிர்வுத் தூரம் நேரடியாகக் கிடைக்கும். தூசி அதைத் தொடாது, தனி மேக்னிட்யூடும் தேவையில்லை. 2017 ஆகஸ்ட் 17இல் பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலுக்கு, அது நடந்த பேரடையும் கண்டுபிடிக்கப்பட்டது. தூரம் சுமார் 40 மெகாபார்செக், செம்பெயர்ச்சி ஏறத்தாழ 0.01. அங்கே (1 + செம்பெயர்ச்சி)² என்பது 1.02. அந்த ஒற்றை நிகழ்வின் தூரப் பிழையோ பத்து சதவீதத்துக்கும் மேல். அதே வகை நிகழ்வுகள் செம்பெயர்ச்சி 0.5க்கு அப்பால், பேரடை அடையாளத்தோடு, நூற்றுக்கணக்கில் கிடைக்கும் வரை சூப்பர்நோவாக்களின் தையல்களைத்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.